உபவாசம், முழு இரவு ஜெபம், முழங்கால்: சரீரத்திடம் எவ்வளவு கேட்கலாம்?

ஒலிவக்கிளை (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பதினைந்து பேர் கொண்ட ஒரு ஜெபக் குழுவுக்கு ஆறு வார ஒழுங்கு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். வயது 19 முதல் 67 வரை. வரைவில் இப்போது இருப்பது இதுதான்: ஒவ்வொரு வெள்ளியும் முழுநாள் உபவாசம், தினமும் அதிகாலை 4:30-க்கு ஒரு மணி நேர ஜெபம், மாதம் ஒரு சனிக்கிழமை முழு இரவு ஜெபம், கடைசி வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் உபவாசம்.

இதை வைத்துக் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. "என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்" (1 கொரிந்தியர் 9:27) என்று ஒரு தரப்பு. சரீர ஒடுக்கத்தால் பிரயோஜனமில்லை என்று பவுலே சொல்லியிருக்கிறாரே (கொலோசெயர் 2:23) என்று மறுதரப்பு. என் கேள்விகள்:

இந்த இரண்டு வசனங்களையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது? வரைவில் எது சரீரத்துக்குக் கேடு, எதை எப்படித் திருத்தலாம்? ஜெபத்தில் தூக்கமும் தலைவலியும் எரிச்சலும் வந்தால் அது ஆவிக்குரிய தடையா, உடல்கோளாறா, எப்படிப் பிரித்தறிவது?

வசனத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் அளவு, நேரம், முறை என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

---

அத்திமரம்

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். மருந்து மாத்திரை விஷயத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

9:27-ஐத் தனியாகப் பிடுங்கி வாசிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றி 8-ம் அதிகாரத்தில் ஆரம்பித்து 10-ம் அதிகாரம் வரை போகும் ஒரே பேச்சின் நடுவில் அந்த வசனம் வருகிறது. சாப்பிட உரிமை உண்டு, மனைவியை உடன் அழைத்துப்போக உரிமை உண்டு, ஊழியத்துக்குக் கூலி வாங்க உரிமை உண்டு. ஆனாலும் மற்றவர்களுக்காக இவற்றை விட்டுக்கொடுக்கிறேன் என்கிறார் பவுல். அதற்குப் பிறகுதான் பந்தயக்காரன் வருகிறான். கொரிந்துவுக்குப் பக்கத்திலேயே இஸ்த்மியப் போட்டிகள் நடந்ததால் வாசித்தவர்களுக்கு அது உடனே புரிந்திருக்கும். ஓடுகிறவன் சரீரத்தைக் கட்டுப்படுத்துவது ஓடுவதற்காக. பந்தய நாளில் எழுந்து நிற்க முடியாத அளவுக்கு வருத்திக்கொண்டால் அதற்குப் பயிற்சி என்று பெயரில்லை.

கொலோசெயில் பிரச்சினையே வேறு. "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்ற கட்டளைகளை ஏற்றிக்கொண்டால் தேவனிடம் இன்னும் நெருங்கலாம் என்று அங்கே சிலர் கற்பித்தார்கள். அந்த ஒடுக்கம் மாம்சத்தை அடக்காது, அதைத்தான் பேணும் என்கிறார் பவுல். உபவாசித்தேன் என்ற பெருமை வயிற்றில் ஒன்றும் இல்லாமலே கொழுக்கும்.

மாம்சம் என்று வாசித்ததும் உடலை நினைத்துக்கொள்வது அடுத்த சிக்கல். கலாத்தியர் 5:19-21-ல் மாம்சத்தின் கிரியைகள் பட்டியலாக இருக்கின்றன. வேசித்தனம், வெறி, களியாட்டு எல்லாம் சரீரத்தோடு சேர்ந்தவை, சரி. பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள்? இவை ஒன்றுக்கும் சாப்பாடு தேவையில்லை. பட்டினி கிடந்தால் இவை ஒழிவதுமில்லை. பசியில் கோபம் கூடத்தான் செய்யும். ஆகவே சரீரம் ஒரு பக்கம், ஆவி எதிர்ப்பக்கம் என்று கோடு கிழித்துக்கொண்டு ஒழுங்கு எழுதினால் தொடக்கமே கோணல். 1 தெசலோனிக்கேயர் 5:23 ஆவி, ஆத்துமா, சரீரம் மூன்றும் சேர்ந்து குற்றமற்றதாகக் காக்கப்பட வேண்டும் என்றுதான் ஜெபிக்கிறது.

சபை வரலாற்றில் இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறார்கள். 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் முதல் நியதியே, ஆரோக்கியமாக இருந்தும் தன்னைத்தானே விதையடித்துக்கொண்டவன் குருவாக இருக்கக்கூடாது என்பது. 340 வாக்கில் கூடிய கங்க்ரா சங்கம், திருமணத்தையும் இறைச்சி உண்பதையும் அருவருத்தவர்களைக் கண்டித்தது. துறவு என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையிலும் உபவாசித்தவர்களைக் கண்டித்தது. அதோடு நிற்கவில்லை. சபை பொதுவாகக் கைக்கொண்ட உபவாச நாட்களை, சுகமாக இருந்தும் திமிரால் அலட்சியம் செய்தவர்களையும் அடுத்த நியதியிலேயே பிடித்தது. உங்கள் இரு தரப்புக்கும் ஆளுக்கு ஒன்று.

வரைவில் இரண்டு வரி சேர்க்கச் சொல்வேன். ஒன்று, அன்று சாப்பிடாமல் விட்ட உணவின் விலை யாருக்குப் போகிறது என்பது. 2-ம் நூற்றாண்டு ரோமச் சபையிலிருந்து வந்த ஒரு நூலிலேயே இந்த முறை இருக்கிறது: விட்ட உணவின் செலவைக் கணக்குப் பார்த்து விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவனுக்கோ கொடு என்று. ஏசாயா 58 வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டாவது, திருமணமானவர்கள் துணையின் சம்மதம் கேட்டுத்தான் சேர வேண்டும். 1 கொரிந்தியர் 7:5 உபவாசத்துக்காகப் பிரிந்திருப்பதற்கு இருவர் சம்மதமும், காலவரம்பும், திரும்பக் கூடிவாழ்வதும் என மூன்று நிபந்தனை வைக்கிறது. கணவர் விடிய விடிய ஜெபத்தில் இருக்க, மனைவி தனியாகப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் வீட்டில் அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

---

உப்புக்கல்

நான் உபவாசத்தின் உடல் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் நான்கு அம்சங்களில் வெள்ளி உபவாசம் ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. கவலைப்பட வேண்டியது அந்த மூன்று நாள்.

முதலில் யார் சேரக்கூடாது என்பது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே எடை மிகக் குறைந்தவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் சாப்பிடாமல் மருந்தை மட்டும் எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: பட்டினியில் இரத்தத்தில் அமிலம் ஏறலாம், அப்போது சர்க்கரை அளவு ஏறக்குறைய இயல்பாகவே காட்டும் என்பதால் எளிதில் தப்பவிட்டுவிடுவார்கள். நீர் பிரிய மாத்திரை எடுக்கும் இரத்த அழுத்தக்காரர்கள், லித்தியம் எடுப்பவர்கள் நீரிழப்பால் பாதிக்கப்படுவார்கள். இவர்கள் எல்லாரும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவது விசுவாசம் அல்ல. தீமோத்தேயுவின் வயிற்றுக்காகப் பவுல் சொன்ன வைத்தியம் 1 தீமோத்தேயு 5:23-ல் அப்படியே இருக்கிறது.

இன்னொரு கூட்டத்தை எளிதில் கண்டுபிடிக்க முடியாது: உணவுக்கோளாறு உள்ளவர்கள். இளம் வயதினரிடம் அதிகம். உபவாசம் முடிந்ததும் எடை பார்ப்பது, முடித்த இரவு கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டு அடுத்த நாளும் "உபவாசம்" என்று அறிவிப்பது, குழு நிறுத்தச் சொன்ன பிறகும் ஒளித்துத் தொடர்வது. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அவருக்கு உணவு உபவாசம் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். குழு நடுவில் அல்ல.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்பது. கடைசிச் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்குள் கல்லீரலில் சேமித்த சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்து, உடல் கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். வாயில் ஒருமாதிரி வாடை வருவது அதனால்தான். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வழக்கத்தைவிட அதிகமாக வெளியேற்றும். உட்கார்ந்து எழும்போது கண் இருட்டுவதற்குக் காரணம் இது. முதல் இரண்டு நாளில் குறையும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

உபவாசத் தலைவலிக்குப் பெரும்பாலும் காரணம் பசி அல்ல, காப்பி டீ நின்றுபோனது. நிறுத்தி 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். வெள்ளி மாலை ஜெபத்தில் எல்லாரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வியாழன் மாலையிலிருந்து காப்பி இல்லை என்றுதான் அர்த்தம். திங்கள்கிழமையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். முடியாதவர்கள் வெள்ளியன்று சர்க்கரை, பால் இல்லாமல் ஒரு கப் குடிக்கட்டும். அதனால் உபவாசம் கெட்டுப்போகாது.

முறை:

முதல் வாரம் காலை உணவை மட்டும் விடுங்கள். இரண்டாம் வாரம் காலையும் மதியமும். மூன்றாம் வாரத்திலிருந்து வியாழன் மாலை உணவு முடிந்தது முதல் வெள்ளி மாலை வரை, அதாவது 24 மணி நேரம். காலை விழித்தது முதல் அடுத்த நாள் காலை வரை என்று வைத்தால், முந்தின இரவுச் சாப்பாட்டிலிருந்து எண்ணும்போது அது 36 மணிக்குப் போய்விடும். பலர் கணக்குப் பார்க்காமல் செய்வது இதுதான். வியாழன் இரவு விருந்து வேண்டாம். முழுத்தானியம், பருப்பு வகை, காய்கறி. உப்பும் எண்ணெயும் குறைவாக. வெள்ளியன்று தண்ணீர் 2 முதல் 2.5 லிட்டர், ஒரே மூச்சில் அல்ல, விட்டு விட்டு. (தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

உபவாசத்தை அங்கேயே முடிக்க வேண்டிய அடையாளங்கள்: வியர்த்து நடுங்குதல், பேச்சுக் குழறல், குழப்பம், நிற்காத படபடப்பு, மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி. சர்க்கரை பார்க்கும் கருவி கையில் இருந்து 70-க்குக் கீழே காட்டினால் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஆள் விழுங்கும் நிலையில் இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்கு. ஜெபித்துக்கொண்டே போகலாம். ஆனால் ஜெபித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்கக்கூடாது.

மூன்று நாளுக்கு வருகிறேன். எஸ்தர் மூன்று நாள் தண்ணீரும் குடிக்கவில்லையே என்று யாராவது கேட்பார்கள். அது ஒரு ஜனமே அழியவிருந்த நேரம். காலண்டரில் போட்டு நடத்தும் ஒழுங்கு அல்ல. தண்ணீர் இல்லாத உபவாசத்தை வரைவிலேயே எழுத்தில் தடைசெய்யுங்கள். உணவைப் பொறுத்தவரை, தானியேல் 10:3 போல ருசியானதையும் இறைச்சியையும் விட்டுவிட்டு மூன்று நாளும் ஒருவேளை எளிய உணவு என்பதைப் பொதுவான முறையாக வைக்கலாம். முழுவதும் உண்ணாமல் இருக்க விரும்புபவர்கள், 24 மணி உபவாசத்தை மூன்று முறையாவது தொந்தரவில்லாமல் முடித்தவர்களாக இருக்கட்டும். அந்த நாட்களில் வண்டி ஓட்டக்கூடாது, உயரத்திலோ இயந்திரத்திலோ வேலை செய்யக்கூடாது, வீட்டில் தனியாக இருக்கக்கூடாது.

முடிக்கும் முறையில்தான் அதிகத் தவறு நடக்கிறது. மூன்று நாளுக்குப் பின் ஐக்கிய விருந்து வைக்காதீர்கள். முதலில் நீர்த்த கஞ்சியோ சூப்போ ஒரு கப். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. வழக்கமான அளவு மறுநாள்தான். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமல் இருந்தவர் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சடசடவென்று இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். மெலிந்தவர்களுக்கு அதற்கும் முன்பே நடக்கலாம். ஆகவே மூன்று நாளைத் தாண்டும் எதையும் ஒரு ஜெபக்குழு தன் பொறுப்பில் நடத்தக்கூடாது.

---

மூன்றாம்சாமம்

தூக்கமும் தோரணையும் என் பங்கு.

4:30 என்று எழுதும் இடத்திலேயே பக்கத்தில் "இரவு 9:15 படுக்கை" என்றும் எழுதுங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். குழுவின் மாலைக் கூட்டம் 9:30-க்கு முடிகிறது என்றால் 4:30 ஜெபத்தை நீங்களே குலைக்கிறீர்கள். 6-ம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், குளிர்காலத்தில் பாதி இரவுக்கும் கொஞ்சம் அதிகமாகத் தூங்கி, உண்டது செரித்த பிறகு எழும்பட்டும் என்று காரணத்தோடு நேரம் குறிக்கிறார். கோடையில் இரவு குறுகுவதால் மதிய உணவுக்குப் பின் படுக்கையில் ஓய்வு. விழிப்பைக் கேட்கிறவர் தூக்கத்தையும் ஒழுங்கில் எழுதிக்கொடுத்தார்.

எழுந்ததும் முதல் 15 முதல் 30 நிமிடம் மூளை முழுதாக விழிப்பதில்லை. அந்த நேரத்தில் விளக்கை அணைத்து, கண்ணை மூடி, அமைதியாக உட்காரச் சொன்னால் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். அதில் சாத்தானுக்கு வேலையே இல்லை. ஆகவே வரிசையை மாற்றுங்கள்: முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, நல்ல வெளிச்சத்தில் நின்றுகொண்டு இரண்டு சங்கீதங்களைச் சத்தமாக வாசித்தல், பிறகு ஒரு பாட்டு, பிறகு நடந்துகொண்டே பரிந்துபேசுதல். அமைதி ஜெபம் கடைசி 20 நிமிடம்.

ஆவிக்குரிய தடையா உடலா என்ற கேள்விக்கு ஒரு வரிசை இருக்கிறது. முந்தின மூன்று இரவில் எத்தனை மணி தூக்கம்? கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது? அறையில் காற்று ஓடுகிறதா? எந்தத் தோரணையில் எவ்வளவு நேரம்? இந்த நான்கும் சரியாக இருந்தும், வேறு வேலைகளில் உற்சாகமாக இருப்பவருக்கு ஜெபம் என்றதும் மட்டும் வெறுப்போ அலுப்போ வந்தால், அப்போது ஆத்தும ஆலோசனைக்குப் போகலாம். முதலில் கணக்கைப் பாருங்கள், அப்புறம் பிசாசைப் பாருங்கள். கெத்செமனேயில் தூங்கிப்போனவர்களைப் பார்த்து ஆண்டவர், மாம்சம் பலவீனமுள்ளது என்றார். அவர்களுக்குள் பிசாசு புகுந்தது என்று சொல்லவில்லை.

தோரணை. வேதத்தில் ஒரே ஒரு தோரணை மட்டும் இல்லை: நின்று (மாற்கு 11:25), முழங்கால்படியிட்டு (லூக்கா 22:41), முகங்குப்புற விழுந்து (மத்தேயு 26:39), உட்கார்ந்து (2 சாமுவேல் 7:18), படுக்கையில் (சங்கீதம் 63:6). நிசேயாவின் 20-ம் நியதி ஞாயிற்றுக்கிழமைகளிலும், உயிர்த்தெழுதல் பண்டிகை முதல் பெந்தெகொஸ்தே வரையும் முழங்கால்படியிடாமல் நின்றே ஜெபிக்கச் சொல்கிறது. முழங்கால்தான் பக்தியின் உச்சம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை வாசிக்கட்டும்.

முழங்காலுக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள மெத்தை. வெறும் தரையில் தினமும் ஒரு மணி நேரம் என்றால், முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள நீர்ப்பை வீங்கி வலிக்கும். மருத்துவத்தில் இதற்குப் "பாதிரியார் முழங்கால்" என்றே ஒரு பழைய பெயர் உண்டு. 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை தோரணையை மாற்றுங்கள். குதிகாலின்மேல் நெடுநேரம் உட்கார்ந்தால் முழங்காலின் வெளிப்பக்க நரம்பு அழுந்திப் பாதம் மரத்துப்போகும். மரத்த காலோடு சட்டென்று எழுந்து நடந்தால் பாதம் தொங்கி விழ நேரும். எழும்போது ஒரு காலை முன்னால் ஊன்றி, நாற்காலியைப் பிடித்து, பத்து எண்ணும் வரை நின்றுவிட்டு நடக்கவும். உபவாச நாளில் இது இரட்டிப்பாகப் பொருந்தும், உப்புக்கல் சொன்ன கண் இருட்டலால். நின்று ஜெபிக்கும்போது முழங்காலை விறைப்பாகப் பூட்டாமல், அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பூட்டி நின்றால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். கண்ணழுத்த நோய் (குளுக்கோமா) உள்ளவர்கள் தலையைத் தரையில் வைத்து நெடுநேரம் விழுந்து கிடக்க வேண்டாம், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்.

மூச்சு. கீழைத் திருச்சபையில் வழங்கும் சிறு ஜெபத்தை உள்மூச்சில் "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே" என்றும், வெளிமூச்சில் "பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்றும் சொல்லலாம். உள்ளே நான்கு நொடி, வெளியே ஆறு நொடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. லத்தீனில் மரியே வாழ்க ஜெபத்தைச் சொல்பவர்களின் மூச்சும் ஏறக்குறைய இதே வேகத்துக்கு இறங்குவதை 2001-ல் ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். பத்து நிமிடம் போதும். மூச்சை அடக்கிப் பிடிக்கவோ வேகமாக இழுக்கவோ வேண்டாம். விரல் நுனி குறுகுறுத்துத் தலை சுற்றினால் அது அபிஷேகமல்ல, மூச்சு அதிகமாகிவிட்டது. இதயத்தை அமைதிப்படுத்துவதே ஜெபம் என்றும் நினைத்துவிடக்கூடாது. 14-ம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு ஆதோஸ் மலைத் துறவிகள் உடலையும் மூச்சையும் ஜெபத்தில் சேர்த்ததைப் பர்லாம் என்ற அறிஞர் கேலி செய்தபோது, அதே மலைத் துறவியான கிரகோரி பலமாஸ் அவர்களுக்காக வாதாடினார்: சரீரமும் கிருபையில் பங்குபெறும், ஆனால் கிருபை மூச்சுப்பயிற்சியின் விளைவல்ல.

முழு இரவு ஜெபத்தை எடுத்துவிடுங்கள் என்பேன். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் நிலைக்கும், 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீத நிலைக்கும் ஒப்பானது. ஞாயிறு காலை ஆராதனைக்கு அந்த நிலையில் வண்டி ஓட்டி வருவார்கள்.

---

அத்திமரம்

மூன்றாம்சாமம் சொன்ன மற்றதெல்லாம் சரி, கடைசிப் பத்தியை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆண்டவர் இராமுழுவதும் ஜெபித்தார் (லூக்கா 6:12). பஸ்கா இரவு விழிப்பு மிகப் பழைய சபை வழக்கம். அபூர்வமாக வரும் ஒரு இரவைத் தினசரிப் பழக்கத்தின் அளவுகோலால் அளக்கக்கூடாது. ஆறு வாரத்துக்கு ஒன்று போதும், மாதம் ஒன்று வேண்டாம். சனியிலிருந்து வெள்ளி இரவுக்கு மாற்றினால் மறுநாள் தூங்கலாம், ஞாயிறு ஆராதனையும் பிழைக்கும். அன்று உபவாசம் இருக்கக்கூடாது. பட்டினியும் விழிப்பும் ஒரே நாளில் சேர வேண்டிய அவசியமில்லை.

---

மூன்றாம்சாமம்

ஆறு வாரத்துக்கு ஒன்று என்றால் சரி, மூன்று நிபந்தனையோடு. பிற்பகலில் ஒன்றரை மணி நேரத் தூக்கம். விடிந்தபின் தூங்காமல் யாரும் வண்டி எடுக்கக்கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும், இருமுனை மனநோய் உள்ளவர்களும் நள்ளிரவுக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரே இரவுத் தூக்கம் கெட்டாலும் முன்னவருக்கு வலிப்பையும், பின்னவருக்கு மிகையெழுச்சியையும் (நோயால் வரும் அளவுமீறிய உற்சாகம்) கிளப்பக்கூடும். பின்னதைச் சபையில் "அக்கினி இறங்கியது" என்று எடுத்துக்கொண்டு மைக்கைக் கையில் கொடுத்துவிடுவதும் உண்டு.

இன்னொன்று. விடியற்காலை மூன்று நான்கு மணிக்கும், மூன்றாம் நாள் உபவாச முடிவிலும் எடுக்கிற முடிவுகளை (வேலையை விடுவது, திருமணம், பொருத்தனை, பெரிய காணிக்கை) இரண்டு நாள் தூங்கிச் சாப்பிட்ட பிறகு மறுபடி ஜெபத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். தேவசித்தம் அதற்குள் கெட்டுப்போகாது.

---

திருவிழிப்பு

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சுருக்கமாக. எங்களுக்குச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயம் ஆண்டுக்கு இரண்டே நாள்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். ஒரு முழு உணவு, வேறு இரண்டு வேளை சிறிதளவு. ஒருசந்திக் கடமை 18 வயது முடிந்தது முதல் 60-ம் வயது தொடங்கும் வரை. சுத்தபோசனம் (இறைச்சியை விடுவது) 14 வயது முடிந்தது முதல். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு, அதிலும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு. தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிப்பதில்லை. அளவு இவ்வளவு குறைவா என்று சிலர் கேட்பார்கள். சட்டம் தரையைத்தான் போடும். கூரை அவரவர் ஆன்ம குருவோடு பேசி முடிவாவது.

அந்த "பேசி முடிவாவது" உங்கள் வரைவில் இல்லை. பெனடிக்ட் தவக்காலத்தில் ஒவ்வொருவரும் கூடுதலாக எதைச் செய்தாலும் மடாதிபதியிடம் சொல்லி அனுமதி பெறச் சொல்கிறார். கேட்காமல் செய்வது வீண்பெருமையில் சேரும் என்கிறார். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-ல் மன்ரேசாவில் கடும் நோன்பிருந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர், அது ஆயுள் முழுக்க வாட்டியது. பிற்பாடு அவர் எழுதியதில் தெளிவான ஒரு பிரிப்பு இருக்கிறது: மிஞ்சியதை விடுவது மிதம், தகுந்ததிலிருந்தும் கொஞ்சம் குறைப்பதே தவம், உடல் கெட்டு நோய் வரும்படி குறைப்பது இரண்டும் அல்ல. 1548-ல் ஸ்பானியப் பிரபு பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில் நோன்பையும் ஜெப நேரத்தையும் குறைக்கச் சொல்லி, உடலும் ஆன்மாவும் படைத்தவருடையவை, இரண்டுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று காரணம் காட்டுகிறார்.

உணவை விட முடியாதவர்கள் ஃபோனை அணைத்து வைக்கட்டும் என்று சிலர் சொல்வதுண்டு. அதை நோன்பு என்று அழைப்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. நல்ல ஒறுத்தல்தான், ஆனால் வயிறு கற்பிப்பதை ஃபோன் கற்பிக்காது. உணவு நோன்பு இயலாதவர்களுக்கு உணவிலேயே ஏதாவது கண்டுபிடியுங்கள்: இனிப்பை விடுவது, இடைத்தீனியை விடுவது, ருசி பார்த்துக் குறை சொல்லாமல் வைத்ததைச் சாப்பிடுவது. கடைசியில் சொன்னதை எளிது என்று நினைக்க வேண்டாம்.

---

ஒலிவக்கிளை

எல்லாருக்கும் நன்றி. வரைவு இப்போது இப்படி மாறியிருக்கிறது: உபவாசம் வியாழன் மாலை முதல் வெள்ளி மாலை வரை, படிப்படியாக. காலை ஜெபம் 5:15-க்கு, 45 நிமிடம், வாரம் ஐந்து நாள். மாலைக் கூட்டம் 8:15-க்கு முடியும். இரவு ஜெபம் ஆறு வாரத்தில் ஒருமுறை, உபவாசமில்லாத ஒரு வெள்ளியன்று. கடைசி வாரம் மூன்று நாளும் ஒருவேளை எளிய உணவு. தண்ணீரில்லா உபவாசம் கிடையாது. ஞாயிறு உபவாசம் கிடையாது. கூடுதலாகச் செய்ய விரும்புபவர் முன்னதாக இரண்டு மூப்பர்களில் ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டு சந்தேகம் பாக்கி. 67 வயதானவர் இன்சுலின் போடுகிறவர், "எனக்கு மட்டும் விலக்கு வேண்டாம்" என்கிறார். இன்னொருவர் சில வாரங்களாக ஜெபமே ஓடவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்கிறார். அவருக்கு உபவாசத்தைக் கூட்டச் சொல்லலாமா?

---

உப்புக்கல்

இரண்டாமவருக்குக் கூட்ட வேண்டாம், இப்போதைக்கு நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடின்மை, தூக்கமும் பசியும் மாறிப்போதல், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்திருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். சாக வேண்டும்போலத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப்போங்கள். சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கம், பிறகு தூதன் தொட்டு எழுப்பி அடையும் தண்ணீரும், மறுபடி தூக்கம், மறுபடி உணவு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேபில்தான் வந்தது, நாற்பது நாள் கழித்து. மருத்துவம் நடக்கும்போது ஜெபத்தை நிறுத்த வேண்டியதில்லை. அவர் ஜெபிக்க முடியாத நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதத்தை அவருக்காக வாசித்தால் போதும்.

பெரியவருக்கு விலக்கு என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள், அதுதான் அவரைக் குத்துகிறது. வேளை தவறாமல் அளவோடு சாப்பிடட்டும், இன்சுலின் மருத்துவர் சொன்னபடியே போகட்டும், இனிப்பையும் இடைத்தீனியையும் மட்டும் விடட்டும் (சர்க்கரை இறங்கும்போது எடுக்கும் குளுக்கோஸ் இடைத்தீனி அல்ல, அது எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்). வெள்ளிதோறும் குழு மிச்சம் பிடிக்கும் உணவுச் செலவை வாங்கி, கணக்கு எழுதி, உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.